குறை எங்கே இருக்கிறது?

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு)

முன்னுரை

நாம் அன்றாடம் பேசும் பேச்சைச் சற்றுக் கவனித்துப் பார்ப்போம். கூப்பிட்டவுடன் திரும்பிப் பார்க்காத தம்பியைச் 'செவிடா' என்கிறோம். கண்ணெதிரே கிடக்கும் பொருளைத் தேடி அலைபவளைக் 'குருடி' என்கிறோம். வகுப்பில் வாய் திறவாத தோழிக்கு 'ஊமை' என்று பெயர் வைக்கிறோம். பயன்படாத அறிவுரைக்குச் செவிடன் காதில் ஊதிய சங்கை உவமையாகக் காட்டுகிறோம். இவை யாவும் நமக்கு விளையாட்டுப் பேச்சு. ஆனால் உண்மையாகவே காது கேளாத, கண் தெரியாத ஒருவர் நம் நடுவே இருந்தால், அவர் சிறு வயது முதல் தம் உடலின் பெயரே ஒரு வசையாக வழங்குவதைக் கண்டு வளர்கிறார் அல்லவா?

உடலில் ஓர் உறுப்போ புலனோ சரிவர இயங்காமல் இருப்பது ஒரு செய்தி. அதன் காரணமாக ஒருவர் படிக்கவும், நடமாடவும், சம்பாதிக்கவும், நாலு பேர் கூடும் இடத்திற்குச் செல்லவும் இயலாமல் போவது வேறொரு செய்தி. முன்னது பிறவியாலோ நோயாலோ விபத்தாலோ வருகிறது. பின்னதில் பெரும்பகுதி நாம் கட்டிய படிகளாலும், நாம் வைத்த வழக்கங்களாலும், நாம் பேசும் சொற்களாலும் உண்டாகிறது. பெண்ணாகப் பிறந்தவளுக்கோ அது இரு மடங்காகிறது. இதனை நம் நாட்டில் நடந்த சில உண்மை வரலாறுகளைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கதைகளில் கண்ட உடல்

நம் எண்ணங்களுள் பல, பாட்டி சொன்ன கதைகளிலிருந்தே தொடங்குகின்றன. இராமாயணத்தில் கைகேயியின் மனத்தைக் கலைத்தவள் மந்தரை. அவள் பெயரை மறந்துவிட்டுக் 'கூனி' என்றே அவளை அழைக்கிறோம். கோள் மூட்டுபவளுக்கெல்லாம் அந்தப் பெயரையே சூட்டுகிறோம். முதுகு வளைந்திருந்தால் மனமும் வளைந்திருக்கும் என்பது எந்த நூலில் உள்ள விதி?

மகாபாரதத்தில் திருதராட்டிரன் மூத்தவன். பார்வை இல்லாத காரணத்தால் அரியணை அவனுக்கு மறுக்கப்பட்டு, இளையவனாகிய பாண்டுவுக்குச் சென்றது. எனினும் அவனுக்கு மணம் முடிக்கக் காந்தார நாட்டிலிருந்து அரசன் மகளைக் கேட்டு வாங்கினார்கள். கணவன் காணாத உலகைத் தானும் காண்பதில்லை என்று காந்தாரி தன் கண்களைத் துணியால் கட்டிக்கொண்டாள். அவளைக் கற்பின் சிகரம் என்று போற்றுகிறோம்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. காந்தாரி பிறவியிலேயே பார்வையற்றவளாக இருந்திருந்தால், அத்தினாபுரத்திலிருந்து அவளைப் பெண் கேட்டு யாரேனும் சென்றிருப்பார்களா? பார்வையற்ற ஆண்மகனுக்குக் கண்ணுள்ள மனைவியைத் தேடினார்கள். கண்ணுள்ள பெண் கணவனுக்காகக் கண்ணைக் கட்டிக்கொண்டால் அது தியாகம். பெண்ணே பார்வையற்றவளாகப் பிறந்தால் அது 'குறை'. ஒரே இருள்தான், ஆணுக்கு ஒரு பெயர், பெண்ணுக்கு வேறு பெயர்!

உடற்குறையை முன்வினையின் பயன் என்று சொல்வோரும் உளர். இவ்வெண்ணம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில், பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்ட சீடர்கள், இவர் இப்படிப் பிறக்கக் காரணம் யார் செய்த பாவம், இவருடையதா பெற்றோருடையதா என்று இயேசுவிடம் கேட்கிறார்கள். இருவருடையதும் அன்று என்பதே அவர் தந்த விடை. திருவள்ளுவரும் ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்தில், பொறியின்மை யார்க்கும் பழி ஆகாது என்னும் கருத்தைக் கூறியுள்ளார். 'பொறி' என்பதற்குப் பரிமேலழகர் ஊழ் என்று பொருள் கொண்டார். இக்கால உரையாசிரியர் சிலர் உடல் உறுப்பு என்றே பொருள் கூறுகின்றனர். எப்படிக் கொண்டாலும், தன் வசம் இல்லாத ஒன்றுக்காக ஒருவரைப் பழிப்பது அறமன்று என்பது தெளிவு.

செருப்பில்லாத நாட்டிற்கு ஒரு கால்

பழைய கதைகளை விட்டு, நம் காலத்து மருத்துவத்திற்கு வருவோம். குறையின் ஒரு பகுதி உடலுக்கு வெளியே இருக்கிறது என்பதை மிக எளிதாக விளக்குவது 'ஜெய்ப்பூர் கால்' ஆகும்.

விபத்திலோ நோயிலோ காலை இழந்தவர்களுக்கு மேலை நாட்டு முறையில் செய்த செயற்கைக் கால்கள் முன்பே நம் நாட்டில் கிடைத்தன. ஆனால் பலர் அவற்றைப் பெற்றுச் சென்ற சில நாளில் மூலையில் போட்டுவிட்டு மீண்டும் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டார்கள். கால் கொடுத்தும் ஏன் நடக்கவில்லை? அக்கால், நாற்காலியில் அமர்ந்து, எந்நேரமும் காலணி அணிந்து, சமமான தரையில் நடப்பவருக்காகச் செய்யப்பட்டது. நம் மக்களோ வீட்டுக்குள்ளும் கோயிலுக்குள்ளும் காலணி அணிவதில்லை. தரையில் சம்மணமிட்டு உண்கிறோம். குந்தி அமர்ந்து பாத்திரம் துலக்குகிறோம். சேற்றில் இறங்கி நாற்று நடுகிறோம். கணுக்கால் வளையாத, காலணி இல்லாமல் நிற்காத ஒரு கால் இவர்களுக்கு எப்படி உதவும்?

ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில் எலும்பு மருத்துவராக இருந்த டாக்டர் பி. கே. சேத்தி, கைவினைஞர் ராம் சந்திர சர்மா ஆகிய இருவரும் சேர்ந்து 1960களின் இறுதியில் இதற்கு வழி கண்டனர். சர்மா பெரிய படிப்புப் படித்தவர் அல்லர், கைத்தொழில் அறிந்தவர். ரப்பரையும் மரத்தையும் கொண்டு, விரல்களோடு கூடிய, நம் நிறமுள்ள வெறுங்கால் போன்ற ஒரு பாதத்தை உருவாக்கினர். அதனை அணிந்தவர் குந்தலாம், சம்மணமிடலாம், ஈரத்தில் நடக்கலாம், மரமும் ஏறலாம். விலையும் குறைவு. டாக்டர் சேத்திக்கு 1981ஆம் ஆண்டு மகசேசே விருது வழங்கப்பட்டது.

இதில் நாம் காண வேண்டியது என்ன? காலை இழந்தவரின் உடல் மாறவில்லை. முன்பு மூலையில் உட்கார்ந்திருந்தவரும் இன்று வயலில் நிற்பவரும் ஒருவரே. அவருக்குக் கொடுத்த பொருள் அவருடைய வாழ்க்கையை அறிந்து செய்யப்பட்டது, அவ்வளவே வேறுபாடு.

அந்தக் காலில் சலங்கை கட்டியவர்

மும்பையில் வளர்ந்த பரதநாட்டியக் கலைஞர் சுதா சந்திரன், 1981ஆம் ஆண்டு தமிழ்நாட்டிற்கு வந்து கோயிலுக்குச் சென்று திரும்புகையில், திருச்சிராப்பள்ளிக்கு அருகே பேருந்து விபத்தில் சிக்கினார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழப் பதினாறு. காயம் புரையோடியதால் ஒரு காலின் கீழ்ப்பகுதியை நீக்க வேண்டியதாயிற்று.

பரதநாட்டியம் பயிலும் தோழியர் இதன் கொடுமையை அறிவர். அரைமண்டியில் நின்று, வெறுங்காலால் தட்டி ஆடும் ஆடல் அது. காலே அதற்குத் தாளம். ஜெய்ப்பூர் காலைப் பொருத்திக்கொண்டு அவர் முதலில் நடக்கக் கற்றார். பிறகு வலியைப் பொறுத்து, அடவுகளை மீண்டும் ஒவ்வொன்றாகப் பயின்றார். 1984ஆம் ஆண்டு மும்பையில் மேடையேறி ஆடினார். அவருடைய வரலாறு 1985இல் 'மயூரி' என்னும் தெலுங்குத் திரைப்படமாக வந்தது. அதில் அவரே நடித்தார்.

இவ்வரலாற்றைக் கூறி, "முயன்றால் முடியாதது உண்டா?" என்று முடித்துவிடுவது வழக்கம். அவருடைய முயற்சி பெரிது, ஐயமில்லை. ஆனால் மும்பை மேடையில் ஆடியது அவருடைய முயற்சி மட்டுமா? வெறுங்காலோடு ஆடத் தக்க ஒரு பாதத்தைச் செய்து கொடுத்தவரும், செலவு செய்து பயிற்சிக்கு அனுப்பிய பெற்றோரும், மேடை கொடுத்தவரும் அந்த ஆட்டத்தில் பங்குடையவர்கள். இவை எதுவும் கிடைக்காத ஒரு பெண்ணிடம், "நீயும் சுதா சந்திரனைப் போல் முயல வேண்டும்" என்று மட்டும் சொல்வது நியாயம் ஆகாது.

பிச்சைக்கு உதவாத கை

உடலைப் பற்றிய எண்ணம் ஒருவருடைய வாழ்வையே எவ்வாறு தீர்மானிக்கிறது என்பதைத் தொழுநோய் காட்டுகிறது. தொழுநோய் விரலைத் தின்றுவிடும் என்று பலர் நம்பினர். உண்மை அதுவன்று. நோய்க்கிருமி நரம்புகளைத் தாக்குகிறது. அதனால் உணர்ச்சி அற்றுப்போகிறது. கொதிக்கும் பாத்திரத்தைக் கைத்துணியின்றி அடுப்பிலிருந்து இறக்கும் ஒரு தாய்க்குச் சுடுவதே தெரியாது. அறியாமல் பட்ட காயங்கள் ஆறாமல் விரல்கள் சிதைகின்றன. கையின் சிறு தசைகள் செயலிழப்பதால் விரல்கள் பறவையின் நகம்போல் மடங்கிவிடுகின்றன.

1946இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், முன்னங்கையில் நன்றாக இருக்கும் ஒரு தசையின் நாணை எடுத்து விரல்களோடு இணைத்து, மடங்கிய கையை மீண்டும் விரியச் செய்யும் அறுவையை நடத்தினார். கைகள் திறந்தன. ஆனால் குணமடைந்து சென்றவர்களுள் சிலர் வருத்தத்தோடு திரும்பி வந்தனர். கை நேரானதால் பிச்சை விழுவது குறைந்துவிட்டது; நோயின் தழும்பைக் கண்டதால் வேலை கொடுப்பாரும் இல்லை!

மருத்துவர் கையைத் திருத்திவிட்டார். ஊரார் பார்வையைத் திருத்த அறுவை இல்லை. ஆகவே அவர்களுக்குத் தச்சு முதலிய தொழில்களைக் கற்பிக்க 'நவஜீவன நிலையம்' என்னும் இல்லம் ஏற்பட்டது. உதிர்ந்துபோன புருவத்தைத் தலைமுடியுள்ள தோலைக் கொண்டு மீண்டும் அமைப்பதும், அமுங்கிய மூக்கை நிமிர்த்துவதும் அங்கே சிகிச்சை ஆயின. புருவம் இல்லாமல் வேலை செய்யலாம். ஆனால் புருவம் இல்லாத முகத்தைக் கண்டால் ஊரார் ஒதுங்குவார்களே!

1980களில் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தபின் தொழுநோய் முற்றிலும் குணமாகக் கூடிய நோயாகிவிட்டது. ஆயினும் கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் இருப்பது மணவிலக்குக்கு ஒரு காரணம் என்று நம் நாட்டுத் திருமணச் சட்டங்களில் எழுதப்பட்டிருந்தது. 2019ஆம் ஆண்டில்தான் அது நீக்கப்பட்டது. கிருமியைக் கொல்ல மருந்து கண்டபின், சட்டத்தில் இருந்த ஒரு வரியை நீக்க நமக்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின.

சக்கர நாற்காலியில் ஒரு மருத்துவர்

வேலூர் மருத்துவமனை தோன்றிய காரணமே பெண்ணுடலைப் பற்றிய ஒரு வழக்கம்தான். டாக்டர் ஐடா ஸ்கடர் இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் தந்தையோடு இருந்தபோது, ஒரே இரவில் மூன்று பெண்கள் பேறுகாலத்தில் மாண்டனர். ஆண் மருத்துவர் தம் மனைவியைத் தொடக்கூடாது என்று கணவன்மார் மறுத்ததே காரணம். அதன் பின்னரே ஐடா மருத்துவம் படித்து வந்து, 1900இல் வேலூரில் பணி தொடங்கி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை நிறுவினார்.

அங்கே பயின்றவர்களுள் ஒருவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1925இல் கேரளத்தின் செறாயி என்னும் ஊரில் பிறந்தவர். மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பது அவர் விருப்பம். 1954ஆம் ஆண்டு நண்பர்களோடு சென்ற வண்டி விபத்துக்குள்ளானது. முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் இல்லாமல் போயின. முகத்திலும் ஆழ்ந்த காயம், தழும்பு நிலைத்துவிட்டது. அக்காலத்தில் இவ்வாறு ஆன பெண்ணுக்குப் படுக்கையும் பிறர் இரக்கமும் தவிர வேறு எதிர்காலம் உண்டு என்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

டாக்டர் பிராண்ட் வேறு விதமாக எண்ணினார். கால் இயங்கவில்லை, கைகளும் அறிவும் முன்போலவே இருக்கின்றன. தொழுநோயாளரின் கையில் செய்யும் அறுவையை உட்கார்ந்தபடியே செய்யலாம். மேரி வர்கீஸ் அதனைக் கற்றார். சக்கர நாற்காலியில் அமர்ந்து பலருடைய மடங்கிய கைகளைத் திறந்தார். தம் காலை இயக்க முடியாத ஒரு பெண், பிறருடைய கையை இயக்கிக் கொடுத்தார்!

பின்னர் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரில் சிகிச்சையும் பயிற்சியும் பெற்று, நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் அவர்களிடம் மறுவாழ்வு மருத்துவம் பயின்றார். அங்கேயே தங்கியிருந்தால் சாய்தளங்களும் மின்தூக்கிகளும் உள்ள நகரத்தில் எளிதாக வாழ்ந்திருக்கலாம். அவர் வேலூருக்குத் திரும்பி வந்து, 1963இல் மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966இல் அதற்கெனத் தனி நிலையம் திறக்கப்பட்டது. தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்கள் தாமே எழுந்து அமரவும், உடுத்தவும், நாற்காலியில் ஏறி இறங்கவும், ஒரு தொழிலைச் செய்யவும் அங்கே பயின்றார்கள். படுத்த படுக்கையாக வந்தவர், தம்மைச் சோதிக்க வரும் மருத்துவரே சக்கர நாற்காலியில் வருவதைக் கண்டபோது, எந்த மருந்தும் தராத தைரியத்தைப் பெற்றிருப்பார். 1972இல் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. 1986இல் அவர் மறைந்தார்.

இவர் வரலாற்றில் என்னை மிகவும் சிந்திக்கச் செய்தது ஒன்று உண்டு. விபத்துக்குப் பின் இவரை அறிந்தவர்கள், "இனி இவரால் என்ன முடியாது?" என்று கணக்கிடாமல், "என்ன முடியும்?" என்று கேட்டார்கள். அக்கேள்வியை நம் வீடுகளில் எத்தனை பெண்களுக்காகக் கேட்கிறோம்?

பெண்ணுக்கு இரட்டைச் சுமை

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். அவர்களுள் ஆண்கள் ஏறத்தாழ 1 கோடியே 50 லட்சம். பெண்கள் 1 கோடியே 18 லட்சம். ஆண்களில் 62 விழுக்காட்டினர் எழுத்தறிவு பெற்றிருந்தனர். பெண்களில் 45 விழுக்காட்டினரே பெற்றிருந்தனர்.

இந்த இடைவெளி கண்ணாலோ காலாலோ வந்ததன்று. பார்வையற்ற சிறுவனும் பார்வையற்ற சிறுமியும் ஒரே பிரெய்ல் எழுத்தைத்தான் விரலால் தடவிப் படிக்க வேண்டும். அவனை விடுதியில் சேர்க்கும் வீடு, அவளை அனுப்பத் தயங்குகிறது. "தனியே எப்படி அனுப்புவது? படித்து என்ன ஆகப் போகிறது? யார் கட்டிக்கொள்வார்கள்?" என்பவையே காரணங்கள். கணக்கெடுக்க வருபவரிடம் மகளின் குறையைச் சொல்லாமல் மறைக்கும் வீடுகளும் உண்டு. தங்கையின் சம்பந்தம் தடைப்படும் என்பது அவர்கள் அச்சம்.

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். குழந்தைப் பருவத்தில் இளம்பிள்ளை வாதம் தாக்கி ஒரு கால் சூம்பிவிட்டது. தையலில் கைதேர்ந்தவர். தெருவில் எந்தக் கல்யாணம் என்றாலும் மணப்பெண்ணின் ரவிக்கை அவர் கையால் தைத்ததுதான். ஆனால் அந்தக் கல்யாணங்களுக்கு அவர் வருவதில்லை. "நாலு பேர் நாலு கேள்வி கேட்பார்கள், எதற்கு?" என்று அவருடைய அம்மா வீட்டிலேயே விட்டுச் செல்கிறார். அவருக்குக் கால் ஒன்றுதான் நடக்கவில்லை. கல்யாண மண்டபத்தின் வாசலை அடைத்து நிற்பது அந்த நாலு பேருடைய கேள்விதான்.

பெண்ணின் உடலைப் பார்த்தே அவளை மதிப்பிடும் வழக்கம் நம் எல்லோரையும் தொடுகிறது. நிறம், உயரம், பல்வரிசை, முடியின் நீளம் என்று எடை போடுகிறோம். 'பெண் பார்க்கும்' நாளில் நடந்து காட்டச் சொன்ன காலமும் உண்டு. இந்தத் தராசில் எல்லாப் பெண்களும் நிற்கிறார்கள். உடற்குறை உள்ளவள் அதில் ஏறவும் அனுமதிக்கப்படாமல் ஒதுக்கப்படுகிறாள். ஆகவே அவளுக்காகப் பேசுவது நமக்காகப் பேசுவதும் ஆகும்.

சொல்லும் சட்டமும்

முன்பு 'ஊனமுற்றோர்' என்ற சொல்லே அரசு ஏடுகளிலும் வழங்கியது. 2010இல் தமிழக அரசு 'மாற்றுத்திறனாளி' என்னும் சொல்லை ஏற்றது. சொல்லை மாற்றினால் கால் வந்துவிடுமா என்று கேட்பவர் உண்டு. கால் வராது, ஆனால் ஒருவரை அழைக்கும்போதே அவரிடம் இல்லாததைச் சொல்லி அழைக்கும் வழக்கம் குறையும்.

2006இல் ஐக்கிய நாடுகள் சபை மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையை ஏற்றது. மறு ஆண்டே இந்தியா அதனை உறுதி செய்தது. மாற்றுத்திறன் உள்ள பெண்களும் சிறுமியரும் பலவகைப் பாகுபாட்டுக்கு ஆளாகின்றனர் என்பதற்கு அதில் தனி விதியே உண்டு. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் கணக்கில் கொள்கிறது. முன்பு 7 வகைகளே இருந்தன. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. அரசு உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காடு இடம். அரசு வேலையில் 4 விழுக்காடு இடஒதுக்கீடு. இவை சலுகைகள் அல்ல, உரிமைகள். பெற்றோர்கள் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

நாம் செய்யக் கூடியவை

சட்டம் வாசல் வரை வரும். உள்ளே அழைக்க வேண்டியவர் நாம். சக்கர நாற்காலி ஏறும்படி ஒரு சாய்தளம், கைப்பிடி உள்ள ஒரு கழிப்பறை, மாடியில் உள்ள வகுப்பைக் கீழ்த்தளத்திற்கு மாற்றும் மனம், இவை இருந்தால் எந்தப் பள்ளியிலும் இன்னும் சில மாணவியர் சேரலாம். காது கேளாத தோழியிடம் பேசும்போது அவள் முகம் பார்த்து, உதடு தெரியப் பேசலாம். பார்வையற்றவரைக் கையைப் பிடித்து இழுக்காமல், "உதவி வேண்டுமா?" என்று கேட்டு நம் முழங்கையை நீட்டலாம். உடன் வந்தவரிடம் "இவருக்கு என்ன வேண்டும்?" என்று கேட்காமல் அவரிடமே கேட்கலாம். ஊமை, செவிடு, நொண்டி என்னும் சொற்களை வசையாக வழங்குவதை இன்றே விட்டுவிடலாம். அதற்குப் பணம் தேவையில்லை.

முடிவுரை

ஜெய்ப்பூரில் ஒரு மருத்துவரும் கைவினைஞரும் நம் மக்கள் எப்படி உட்காருகிறார்கள் என்று கவனித்தார்கள். ஆயிரக்கணக்கானோர் எழுந்து நின்றனர். வேலூரில் ஒரு பெண்ணுக்கு எது முடியும் என்று கேட்டார்கள். நமக்கு ஒரு மருத்துவர் கிடைத்தார். குறை யாரிடம் இருக்கிறது என்று தேடும் நேரத்தில், அதில் நம் பங்கு எவ்வளவு என்று நாமும் பார்ப்போம். அடுத்த முறை ஒரு விழாவுக்கு அழைப்பிதழ் கொடுக்கச் செல்லும்போது, வீட்டிலேயே விட்டுச் செல்லப்படும் அக்காவின் பெயரையும் உறையின் மேல் எழுதுவோம். அவர் வந்தால், என்ன ஆயிற்று காலுக்கு என்று கேட்காமல், சாப்பிட்டாயிற்றா அக்கா என்று கேட்போம்.